பாய்மரத்து விளக்கு எரிந்ததா

முதலில் நினைவுக்கு வருவது ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் ரப்பர் குமிழ், மறுமுனையில் மெல்லிய மூக்கு. உள்ளே இன்னொரு சின்னக் குழாய், அடியில் ஈயக் குண்டுகளோடு. மூக்கைப் பேட்டரிக்குள் விட்டுக் குமிழை அமுக்கி விட்டால் ஆசிட் மேலே ஏறும். உள்ளிருக்கும் குழாய் உயர்ந்து மிதந்தால் பேட்டரி தெம்பாக இருக்கிறது, அமிழ்ந்து நின்றால் சோர்ந்து போயிருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டரைப் பார்ப்பதைப் போலவே அத்தான் அதை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "நீங்க மனுசனுக்குக் காய்ச்சல் பாக்கீக, நான் இதுக்குப் பாக்குறேன், நர்சம்மா" என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நர்சுப் படிப்பில் சேர்ந்த அன்றிலிருந்தே நர்சம்மாதான்.

அவர் என் அக்காவின் கணவர். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. சுற்றுப்பட்ட ஊர்கள் பலவற்றில் கரண்டு கிடையாது. ஆமத்தூர்ப் பக்கம் ரேடியோ வைத்திருந்த வீட்டுக்காரர்கள் கார் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். லாரிக்காரர்கள் வருவார்கள், கல்யாணத்துக்கு மைக்செட் கட்டுகிறவர்கள் வருவார்கள். மழை பெய்தாலும் கடையின் பின்கதவும் ஜன்னலும் திறந்தே கிடக்கும். யாரும் உள்ளே பீடி பற்றவைக்க முடியாது. கடைக்குள் ஒரு பொறி விழுந்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அத்தான் முன்னால் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பியும் அங்கேதான் இருந்தான். ஒரு மத்தியானம் தம்பி இருந்த அறை வெடித்து, அவனோடு போயிற்று. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். "சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஒரு காத்து விடும். பொறி பட்டா வெடிச்சிரும். அங்க மருந்து கண்ணுக்குத் தெரியும், இங்க தெரியாது. அம்புட்டுதான் வித்தியாசம்."

அப்படிப்பட்டவர் கடலுக்குப் போனார் என்பதை இன்றைக்கும் என்னால் சரியாக விளங்கிக்கொள்ள முடியவில்லை.

ஊரில் ஒரு வத்தல் வியாபாரி இருந்தார். கடைவீதியில் எல்லாரும் அவரை முதலாளி என்றே சொல்வார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு பாய்த்தோணியில் அவருக்குப் பங்கு உண்டு. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தடவை காற்றில் அரிக்கேன் விளக்கு அணைந்து, தோணி இருக்கிறது என்று தெரியாமல் ஒரு நீராவிக் கப்பல் மேலேயே வந்துவிட்டதாம். மயிரிழையில் தப்பித்து வந்த கதையைக் கேட்ட முதலாளி, நேராக அத்தான் கடைக்கு வந்து நின்றார்.

"காருல லைட்டு எரியுதுல்ல? தோணியில எரியாதா?"

"எரியும் அண்ணாச்சி. ஆனா கார் ஓட ஓட அதுவே சார்ஜ் ஏத்திக்கிடும். தோணி காத்துல போகுது. அங்கன எடுக்கத்தான் முடியும், போடுறதுக்கு வழி வேணுமே."

அந்த வழியையும் அத்தானே கண்டுபிடித்தார். பழைய லாரி டைனமோ ஒன்றை ஒரு சின்ன மண்ணெண்ணெய் எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைத்தார். பகலில் எஞ்சினை ஓட்டிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும், பொழுது சாய்ந்ததும் விளக்குப் போட வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பாய்மரத்தின் உச்சியில் வெள்ளை. தோணியை நடத்துகிறவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்பார்கள். அவருடைய இடத்தில் புயல் செய்தி கேட்க ஒரு ரேடியோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அக்காவும் நானும் தூத்துக்குடிக்குப் போய் அதைப் பார்த்தோம். தோணி நான் நினைத்ததைவிடப் பெரியது. பின்பக்கம் தளத்துக்குக் கீழே காற்றுப் போக ஓட்டை போட்ட ஒரு தேக்குப் பெட்டி, அதற்குள் பேட்டரிகள், மேலே கயிற்றுக் கட்டு. உப்புக்காற்று அரிக்காமல் இருக்க ஒவ்வொரு முனையிலும் வாசலின் தடவிக்கொண்டிருந்தார் அத்தான். வயரைப் பாய்மரத்தோடு சேர்த்து உச்சிவரை கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்களுக்காகப் பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டுக் காட்டினார். வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "எரியுதா அத்தான்?" என்று கேட்டேன். "எரியுது. ஒங்களுக்குத்தான் தெரியல" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முதல் பயணத்துக்கு அவரும் கூடப் போகப்போகிறார் என்று அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. தோணியாட்களுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தெரியாது, ஒரு தடவை கூட இருந்து காட்டிக் கொடுத்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அத்தானுக்கும் ஆசைதான். தான் கட்டியது கடலில் எரிவதைப் பார்க்க வேண்டும்.

தீபாவளிக்குச் சில நாள் இருந்தபோது தோணி புறப்பட்டது. அதற்கப்புறம் நடந்தது எல்லாம் அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலும் அவர் ஒரு நாள் சொன்னதும் இன்னொரு நாள் சொன்னதும் ஒன்றாக இருந்ததில்லை. எல்லாத் தடவையும் மாறாமல் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

கடலில் முதல் நாள் காலையில் எஞ்சினை ஓட்டலாம் என்று கீழே இறங்கியிருக்கிறார். பேட்டரிப் பெட்டியை ஒட்டினாற்போல் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே பட்டாசுக் கம்பெனி லேபிள். வெங்காயமும் வத்தலும்தான் லோடு என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கொழும்புத் தீபாவளிக்கு என்று வந்த கடைசி ஆர்டரை ஏற்றிவிட்டார்கள். அத்தான் எஞ்சினைத் தொடவில்லை. அப்படியே மேலே ஏறி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, எஞ்சின் போடலியா?" என்று தண்டல் கேட்டிருக்கிறார்.

"அது பக்கத்துல இருக்கையில போட மாட்டேன். ஒண்ணு அதை வேற எடத்துக்கு மாத்துங்க, இல்ல கடல்ல போடுங்க."

மாற்ற இடமில்லை. கீழே முழுக்க வெங்காய மூடை. தளத்தில் வைத்தால் அலையில் நனைந்துவிடும். அடுத்தவர் சரக்கைக் கடலில் போட தனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று தண்டல் கேட்டிருக்கிறார். இவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தளத்தின் முன்பக்கம் மணல் பரப்பிய பெட்டியில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சோறு பொங்கிக்கொண்டிருந்தது. தோணியாள் ஒருவர் அதைக் காட்டி, "தீ இங்கன எரியுது, நீரு அங்கன இருக்கிற பேட்டரிக்குப் பயப்படுதீரே" என்று சிரித்தாராம். அடுப்பைப் பார்த்து ஏன் தனக்குப் பயம் வரவில்லை என்று அத்தான் பின்னால் பல வருஷம் யோசித்திருக்கிறார். "தம்பி போன எடத்துல அடுப்பு இல்ல நர்சம்மா" என்று ஒருமுறை சொன்னார். அது பதில்தானா என்று எனக்குத் தெரியாது.

சார்ஜ் ஏற்ற முடியாது என்று ஆனபின், இருக்கிற கரண்டை வைத்துக் கொழும்பு போய்ச் சேர வேண்டும். விளக்கு கொஞ்சமாகத்தான் குடிக்கும். ரேடியோ நிறையக் குடிக்கும். அந்தக் காலத்து ரேடியோ அப்படி. இரண்டையும் வைத்துக்கொண்டால் கொழும்பை நெருங்கும்போது, கப்பல்கள் குறுக்கும் நெடுக்கும் போகிற இடத்தில், விளக்கு அணைந்துவிடும். ரேடியோவை நிறுத்தினால் புயல் செய்தி தெரியாது. கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அவர் ரேடியோ வயரைக் கழற்றிவிட்டார். சிவப்பையும் பச்சையையும்கூட நிறுத்திவிட்டு, உச்சி விளக்கு மட்டும் எரியட்டும் என்று வைத்துக்கொண்டார். தண்டலைக் கேட்டுத்தான் செய்ததாக அத்தான் சொன்னார். "வானத்தை நான் பாத்துக்கிடுதேன், கப்பலுக்கு நம்மளை விளக்கு காட்டும்" என்று தண்டல் சொன்னாராம். பிற்பாடு விசாரணையில் தண்டல், பேட்டரிக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் பொய் இல்லை.

மறுநாள் மத்தியானம் கொழும்பு ரேடியோவில் புயல் செய்தி சொல்லியிருக்கிறார்கள். கரையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். தோணியில் யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்கையில் காற்று திரும்பியது. பாயைச் சுருட்ட ஒருவர் பாய்மரத்தில் ஏறினார். அடுப்பைக் காட்டிச் சிரித்தாரே, அவரேதான். அந்த நேரம் அத்தான் கீழே இருந்தார். கயிற்றுக் கட்டு அறுந்து பேட்டரிப் பெட்டி சாய்ந்துகொண்டிருந்தது. ஆசிட் பட்டாசுப் பெட்டிகளின் மேல் வழிந்தது. ஏதோ கருகிய வாடை அடித்தது. அவர் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்து, நிமிர்த்தி, அப்படியே அதன்மேல் சாய்ந்துகொண்டார். வயரைப் பிடுங்கியிருந்தால் பொறிக்குப் பயமில்லை, ஆனால் மேலே விளக்கு அணைந்துவிடும். பிடுங்கவில்லை. மேலே ஆட்கள் கத்துவது கேட்டது. என்ன கத்துகிறார்கள் என்று புரியவில்லை. ஏறியவர் கடலில் விழுந்துவிட்டார். கயிறு எறிந்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் தோணியைத் திருப்ப முடியவில்லை. அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. விடிந்தபோது கற்பிட்டிப் பக்கம் மணலில் தட்டி நின்றது. விழுந்தவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இங்கே விருதுநகரில் எங்களுக்கு வந்த செய்தி வேறு. தோணி வெடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பட்டாசு ஏற்றியிருந்தார்கள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் பக்கத்தில் பட்டாசும் பேட்டரியும் ஒரே இடத்தில் என்றால் மனம் வேறெதையும் நினைக்காது. அன்றைக்குத் தீபாவளி. தெரு முழுக்க வெடித்துக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைச் சாத்துவதும் யாராவது செய்தி கொண்டு வருவார்களோ என்று திறப்பதுமாக இருந்தேன். முதலாளிக்குத் தந்தி வந்தது, எல்லாரும் பிழைத்தார்கள் என்று. அக்கா மாதா படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். அடுத்து இன்னொரு தந்தி, எல்லாரும் இல்லை, ஒருவர் இல்லை என்று. யார் என்று அதில் இல்லை. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து, ரயில் ஏறி, அத்தான் வந்து வாசலில் நிற்கிறவரைக்கும் நாங்கள் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமலே இருந்தோம்.

ஆசிட் பட்டு அவருடைய இரண்டு உள்ளங்கையும் முழங்கைவரை தோலும் வெந்திருந்தன. ஆஸ்பத்திரியில் வைத்து நான்தான் தினமும் கட்டு மாற்றினேன். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "ஒரு பெட்டி மூலையில கருகியிருந்துச்சு. கரைக்கு வந்தப்புறம் பாத்தேன். வயர் சூட்டுல கருகிச்சா, சமையக்கட்டுக் கங்கு விழுந்து கருகிச்சா, இல்ல கம்பெனியில இருந்து வரும்போதே அப்படித்தான் இருந்துச்சா? தெரியல. நான் எஞ்சின் போட்டிருந்தா வெடிச்சிருக்குமா? போட்டிருந்தா ரேடியோ பாடியிருக்கும். செய்தி தெரிஞ்சிருக்கும். திரும்பியிருப்போம். இல்ல வெடிச்சிருப்போம். எது நர்சம்மா?" நான் பஞ்சை நனைத்துக்கொண்டே தலையாட்டுவேன். எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாளில் ஒரு பெண்பிள்ளை கடையைத் தேடி வந்தாள். இறந்தவரின் மனைவி. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பயந்து, அத்தான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவள் சண்டை போடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவுக விழுந்தப்போ மேல விளக்கு எரிஞ்சுதா அண்ணாச்சி?"

அத்தான் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவர் அப்போது தளத்துக்குக் கீழே இருந்தவர். பேட்டரியில் கரண்டு இருந்தது அவருக்குத் தெரியும். மேலே பல்பு எரிந்ததா என்று அவர் பார்க்கவில்லை. காற்றிலேயே பல்பு போய்விட்டது என்று தண்டல் சொன்னார். விடியும்வரை எரிந்தது என்று இன்னொரு தோணியாள் சொன்னார். அத்தான், "எரிஞ்சுதும்மா. நல்லா எரிஞ்சுது" என்றார். இருட்டில் போனார் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அப்பம் தோணி போறதை அவுக பாத்திருப்பாக" என்றாள் அவள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

அன்றையிலிருந்து அத்தானின் தூக்கம் போயிற்று. கடையை நடத்தினார். முன்போலவே ஜன்னலைத் திறந்து வைத்தார். ஆனால் வேலைக்கு நடுவில் கையை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீரில் கிடக்கிற ஒருவர், தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போகிற ஒரு விளக்கைப் பார்க்கிறார். அந்தக் காட்சியை அவளுக்குக் கொடுத்தது தான்தான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருஷத்துக்கு அடுத்த வருஷம் அவள் மறுபடி வந்தாள். அதற்குள் எங்கள் பக்கம் கிராமங்களுக்கெல்லாம் கரண்டு வந்துகொண்டிருந்தது. ரேடியோ பேட்டரி கொண்டு வருகிறவர்கள் குறைந்து, அத்தான் லாரி வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இளைத்திருந்தாள். அந்தப் புயல் செய்தி கேட்டதிலிருந்து பழையபடி ஆகிவிட்டது என்றாள்.

"கண்ணை மூடுனா அந்த விளக்கைத்தான் பாக்கேன் அண்ணாச்சி. அவுக அதைப் பாத்துக்கிட்டே கெடக்காக. எரியலன்னு சொல்லிருங்க. பொய்யின்னாலும் பரவால்ல, ஒங்க வாயால சொல்லிருங்க."

அத்தான் அதிகம் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் அதற்காகவே காத்திருந்தவரைப் போல, "எரியலம்மா" என்றார். "அன்னைக்கு உங்க மனசு நோகக் கூடாதுன்னு மாத்திச் சொல்லிட்டேன். பல்பு முன்னாலயே போயிருச்சு. தண்டலே சொன்னாரு."

அவள் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. கண் அகலமாயிற்று. "அப்பம் தோணி எந்தப் பக்கம் போச்சுன்னே அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "அவுக பாட்டுக்கு நீந்தியிருப்பாக. நல்லா நீந்துவாக அண்ணாச்சி. கரைப்பக்கமா நீந்தியிருந்தா? அந்தப் பக்கமெல்லாம் நம்ம ஆளுகதானே. யாராவது எடுத்துப் போட்டிருப்பாகல்ல?"

அக்கா உள்ளே போய் ஒரு பொட்டலத்தில் இட்லி கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டு, அத்தானைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வந்ததைவிட வேகமாக நடந்து போனாள்.

அத்தான் வாசலிலேயே நின்றார். "நான் என்ன செஞ்சிட்டேன்?" என்றார். "இனி அவுக கொழும்புக்கு ஆள் விட்டுத் தேடுவாக. வாழ்நாள் பூரா தேடுவாக." சட்டையைக்கூட மாட்டாமல், பனியனோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். எரிந்தது என்று சொல்லப் போகிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. அதைச் சொல்வது நல்லதா கெட்டதா என்று அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தடுக்கவும் இல்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பஸ் போயிருச்சா அத்தான்?"

"இல்ல. நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஜன்னலோரம் உக்காந்திருந்தாக."

"சொல்லிட்டீகளா?"

"பொட்டலத்தைப் பிரிச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. பக்கத்துல ஒரு பொம்பளைகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சாக. சிரிக்கையில போய் என்னத்தச் சொல்ல?" சைக்கிளை நிறுத்திவிட்டு, தழும்பு விழுந்த உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஏதோ கணக்குக் கேட்கிறவரைப் போல என்னைப் பார்த்தார். "ரெண்டு தடவை கேட்டாக. ரெண்டு பதில் சொன்னேன். ஒண்ணு பொய்தானே? எந்தத் தடவை நான் பொய் சொன்னேன், நர்சம்மா? எனக்கே தெரியலையே."

அந்தப் பெண் பிறகு வரவில்லை. தேடிப் பார்த்தாளா, விட்டுவிட்டாளா, அந்தச் சிரிப்பு எத்தனை நாள் நின்றது, ஒன்றும் தெரியாது. அத்தானும் அக்காவும் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் எத்தனையோ பேர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "கடைசி நேரத்துல கஷ்டப்பட்டாகளா சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் ஒரு கணம் நின்றேன். பிறகு ஏதோ ஒன்றைச் சொன்னேன்.